வைரஸைத் தனிமைப்படுத்தினால் எந்தக் கொட்டகைக்கு அனுப்புவது?

கோழிப்பண்ணையாளர்களுக்கான கையேடு ஒன்றைப் போன வாரம் பிழை திருத்தக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ‘நோயுற்ற கோழிகளைத் தனிமைப்படுத்துங்கள்’. ஐந்தாம் பக்கத்தில் ‘வைரஸ் தனிமைப்படுத்தப்பட்டது’. கோழி தனிக் கொட்டகைக்குப் போகும், சரி. வைரஸ் எங்கே போனது?

ஆங்கிலத்தில் இரண்டுமே ஐசொலேஷன்தான். தீவைக் குறிக்கும் ‘இன்சுலா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. இன்சுலினுக்கும் வேர் அதுவே. வேர்க்கதை இவ்வளவு போதும்.

வைரஸ் விஷயத்தில் நடப்பது இது. கோழிகளைத் தாக்கும் வைரஸ் நோயான வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகம் வந்தால், கோழியின் மூச்சுக்குழாயிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்கிறார்கள். பாக்டீரியா வளராதிருக்க மருந்து கலந்து, 9 முதல் 11 நாள் கரு வளர்ந்த கோழிமுட்டைக்குள் ஊசியால் செலுத்தி, 37 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். சில நாளில் முட்டைக்குள் இருக்கும் நீரை எடுத்துக் கோழியின் சிவப்பணுக்களோடு கலக்கிறார்கள். வைரஸ் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அப்புறம்தான் மரபணு வரிசை: வைரஸின் மேலுறையில் உள்ள எஃப் என்ற புரதம் வெட்டுப்படும் இடத்தில் என்னென்ன அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று பார்த்தால், இது கொல்லும் ரகமா, சாதுவா என்று கணிக்கலாம். இதில் தனிமை எங்கே வந்தது? கோடிக்கணக்கில் பெருக்கியல்லவா வைத்திருக்கிறார்கள்!

மோரிலிருந்து வெண்ணெயைத் தனிமைப்படுத்தினாள் என்று யாராவது எழுதுவார்களா? ‘எதிலிருந்து?’ என்ற கேள்வி பொருந்தினால் பிரித்தெடுத்தல். ‘யாரோடும் சேராமல்’ என்ற பொருள் இருந்தால் தனிமைப்படுத்தல். கொரோனா காலத்தில் இரண்டாவது சொல் வாயில் ஒட்டிக்கொண்டது, இன்னும் விடவில்லை.

சரி, அப்படிப் பிரித்தெடுத்த வைரஸுக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் ஐசொலேட். ‘தனியன்’ என்று வைக்கலாம் என்கிறார் தனித்தமிழ் நண்பர் ஒருவர். சின்னச் சொல், ‘தனி’ என்ற வேரும் தெரிகிறது என்பது அவர் கட்சி. வைணவர்களுக்குத் தனியன் என்றால் பாசுரம் தொடங்கும் முன் சொல்லும் வாழ்த்துப்பாட்டு. காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு, கூட்டத்தை விட்டு அலையும் ஒற்றை யானை. ‘நாமக்கல் பண்ணையில் மூன்று தனியன்கள்’ என்று தலைப்புப் போட்டால் வனத்துறைக்குத்தான் போன் பறக்கும். அப்படியானால் ‘தனிமம்’ என்றார். இரும்பும் ஆக்சிஜனும் அந்தப் பெயரில் பள்ளிப் பாடத்தில் உட்கார்ந்து எத்தனையோ காலமாகிறது. அதைவிட, இரண்டு சொல்லிலும் ‘எதிலிருந்து’ என்பதே இல்லை. சீனாவில் வாத்து இனமான கூஸ் ஒன்றிலிருந்து எடுத்த எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸின் பெயர் ‘ஏ/கூஸ்/குவாங்டாங்/1/1996’. எந்தப் பறவை, எந்த ஊர், எந்த ஆண்டு என்று பெயரே சொல்கிறது. இதைத் தனியன் என்பது வம்சாவளி எழுதிவைத்தவனை அநாதை என்பது போல. ‘பிரித்தெடுத்த வைரஸ்’ போதும். அட்டவணையில் இடம் இல்லையென்றால் ‘பிரிப்பு’.

‘வெள்ளைக்கழிச்சல்’ என்ற பெயரை எந்தக் கலைச்சொல் குழுவும் உட்கார்ந்து ஆக்கியதாகத் தோன்றவில்லை. எச்சத்தைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். நம் மொழிபெயர்ப்பாளர்களோ அதை விட்டுவிட்டு, 1926இல் நோய் தென்பட்ட இங்கிலாந்து ஊரைப் பிடித்து ‘நியூகாசில் நோய்’ என்கிறார்கள். இல்லையென்றால் இமயமலை ஊரான ராணிக்கெட்டைப் பிடித்து ‘ராணிக்கெட் நோய்’. முட்டை விற்பவருக்கு எது புரியும் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை.

கையேட்டில் திருத்திக் கொடுத்தேன். நேற்று அச்சாகி வந்தது. ஐந்தாம் பக்கம்: ‘வைரஸ் பிரித்தெடுத்துத் தனிமைப்படுத்தப்பட்டது.’