கித்மத்து (தொண்டு) என்றால் சம்பளம் கேட்கக் கூடாதா?

கடலூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். தொண்டு அறக்கட்டளைகள் சிலவற்றில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் குழுக்களில் வெளி உறுப்பினர்.

ஒரு ரமலானுக்கு முன்பு, ஜகாத் உதவி பெறுவோர் பட்டியலை முடிவு செய்யும் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நிர்வாகிகள் ஏழு பேரும் ஆண்கள். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பெண் பணியாளர்கள். வீடு வீடாக ஏறி இறங்கி, யார் வீட்டில் உலை ஏறவில்லை, எந்த விதவையின் தோடு அடகுக் கடையில் கிடக்கிறது என்று எழுதி வந்தவர்கள் அவர்கள்தாம். ஒரு பையன் திரைக்கடியில் கைநீட்டிக் குறிப்பேட்டை வாங்கி வந்தான். "இந்த வீடு வேண்டாம்" என்றார் ஒருவர். அப்பாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம். யாரும் திரும்பவில்லை. பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது.

திரையோடு எனக்குச் சண்டையில்லை; அது அவர்கள் விருப்பம். அதைத் தாண்டிக் குரல் வரக் கூடும் என்று ஒருவருக்கும் தோன்றாததுதான் உறுத்தியது. வணிகராக இருந்த கதீஜா நாயகியின் சரக்கோடு ஷாம் (சிரியா) தேசம் போனவர் நபிகள் என்று மீலாது மேடையில் முழங்குகிறவர்கள் வேறு!

வெளியே வந்ததும் அந்த மூன்று பெண்களில் மூத்தவரிடம், "லாத்தா, சம்பளம் எவ்வளவு?" என்றேன். "சம்பளம் என்று சொல்வதில்லை வக்கீலம்மா, கித்மத்து. கைச்செலவுக்கு ஏதோ தருகிறார்கள்." கணக்கருக்கு மட்டும் பதிவேட்டில் 'சம்பளம்' என்றே இருந்தது. சம்பளக்காரர் உரிமையோடு கேட்கலாம். கித்மத்து செய்கிறவர் கேட்டால், நன்மைக்கு விலை பேசுகிறார் என்றாகிவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியையும் அதனால்தான் பலர் விழுங்கிக்கொள்கிறார்கள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பெயர் விளையாட்டுக்கு மசியாது. ஊதியமில்லாத தன்னார்வலரும் அதன்படி பணியாளர், அறக்கட்டளையும் பணியிடம். 10 பேர் வேலை செய்தாலே புகார்க் குழு வேண்டும். தலைமை பெண்ணுக்கு, உறுப்பினரில் பாதியாவது பெண்கள். அதற்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். புகாரை 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்; தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். "ஜமாஅத்துக்குள் பேசி முடித்துக்கொள்வோம்" என்பதை நிர்வாகி சொல்ல முடியாது. புகார் கொடுத்தவரே கேட்டால்தான் சமரசம், அதுவும் பணம் கைமாறாமல். குழுவே அமைக்காத நிர்வாகத்துக்கு ரூ.50,000 வரை அபராதம்.

அந்த அறக்கட்டளையில் இப்போது குழு இருக்கிறது. உறுப்பினர் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டச் சொன்னேன். செயலாளர் தம் அறைக்குள், தம் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மறுபடியும் போக வேண்டும்.