ஏதுப்போலி

ஒரு கூற்றை நிறுவுவதற்காகக் காட்டப்படும் காரணத்தைத் தருக்க நூலார் 'ஏது' என்பர். காரணம் போலவே தோன்றி, ஆராய்ந்து பார்த்தால் அக்கூற்றை நிறுவும் வலுவற்றுப் போவது ஏதுப்போலி. ஆங்கிலத்தில் 'ஃபாலசி' எனப்படுவதை இன்று 'தர்க்கப் பிழை' என்றே பெரிதும் எழுதுகிறோம். கணக்கைத் தவறாகக் கூட்டுவதும் பிழைதான். வாதத்தில் நேரும் குற்றமோ சரியானதைப் போலத் தோன்றுவதாலேயே கேட்பவரை இணங்க வைக்கிறது. 'போல்' என்பதன் அடியாகப் பிறந்த 'போலி' அத்தோற்றத்தையே சுட்டுவதால், அதுவே பொருத்தமான சொல் என்பது என் துணிபு.

வடமொழியில் இது 'ஹேத்வாபாசம்'. ஹேது தமிழில் ஏது ஆயிற்று. பொய்த்தோற்றம் எனப் பொருள்படும் ஆபாசம் இன்று முற்றிலும் வேறு பொருளில் வழங்குவதால், பழந்தமிழ் அதைப் 'போலி' என்று பெயர்த்தது நமக்கு நல்வாய்ப்பு. ஃபாலசி, ஏமாற்றுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இலக்கணத்தில் அறம் 'அறன்' என நிற்பதையும் போலி என்கிறோம். அங்கே பொருள் மாறுவதில்லை என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மணிமேகலையின் 29ஆம் காதையில், பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்க முறையாகிய அளவை நெறியை உணர்த்தும்போது, வாதக் குற்றங்களைப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப் போலி (எடுத்துக்காட்டில் உள்ள குற்றம்) என்று மூன்றாக வகுக்கிறார். நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றே பக்கம். ஏதுப்போலி மேலும் அசித்தம் (தானே நிறுவப்படாத ஏது), அநைகாந்திகம் (ஒருதலையான முடிவைத் தராத ஏது), விருத்தம் (எதிரானதையே நிறுவும் ஏது) என விரிகிறது. இவற்றுள் அநைகாந்திகத்தின் ஒரு வகையான 'சாதாரணம்' நம் அன்றாடப் பேச்சுக்கு மிக நெருக்கமானது. 'சத்தம் அநித்தம், அறியப்படுதலின்' (ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அது அறியப்படுகிறது) என்று ஒருவர் வாதிட்டால், அறியப்படுதல் என்னும் ஏது அழியும் குடத்துக்கும் அழியாததாகக் கொள்ளப்படும் ஆகாயத்துக்கும் பொதுவாய் இருப்பதால், அது எதையும் நிறுவாது என்று காப்பியம் காட்டுகிறது.

'இது இயற்கையானது, ஆகவே உடலுக்குத் தீங்கு செய்யாது' என்று மருந்து விற்பவர் சொல்லும்போது நேர்வதும் இதுவே. இளநீரும் இயற்கையானது, அரளி விதையும் இயற்கையானது. இரு பக்கமும் செல்லும் காரணம் எந்தப் பக்கத்துக்கும் சான்றாகாது. எதிர்ப்பக்கத்திலும் அந்த ஏது இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டாலே இவ்வகைப் போலி வெளிப்பட்டுவிடும்.

குற்றம் ஏதுவில் மட்டுமன்றிப் பக்கத்திலும் எடுத்துக்காட்டிலும் இருக்கக்கூடும் என்பதால், ஃபாலசி என்னும் பொதுச்சொல்லுக்குத் 'தருக்கப்போலி' என்றும், காரணத்தில் மட்டும் உள்ள குற்றத்துக்கு 'ஏதுப்போலி' என்றும் வழங்குவது தெளிவு தரும்.

உளவியலாளர் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட 'காக்னிட்டிவ் பயஸ்' இதனின் வேறானது. போலி, சொல்லப்பட்ட வாதத்தில் உள்ளது. பயஸ், வாதம் உருவாகும் முன்பே தீர்ப்பை ஒருபுறம் இழுக்கும் மனத்தின் போக்கு. குணமான தடவைகளை மட்டும் நினைவில் வைத்து, பலிக்காத தடவைகளை மறந்துவிட்டு ஒரு கஷாயத்தைப் போற்றுபவர் இன்னும் எந்த வாதத்தையும் முன்வைக்கவில்லை. அவரிடம் இருப்பதைப் போலி என்னாமல் 'மனச்சாய்வு' என்பதே முறை.