செல்போனில் இருப்பது எந்த செல்?

"செல்போன் என்கிறோமே, அந்த 'செல்' உள்ளே இருக்கும் பேட்டரி செல்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. ஆங்கிலத்தில் உடம்பில் இருப்பதும் செல், டார்ச்சில் போடுவதும் செல், கைதியைப் பூட்டி வைப்பதும் செல், எக்செலில் எண்ணைப் போடும் கட்டமும் செல். (தமிழில் புத்தகத்தை அரிக்கும் செல் வேறு. அது கரையான், இந்தக் குடும்பத்தில் சேர்த்தியில்லை.)

எல்லாவற்றுக்கும் வேர், சிற்றறை என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல். 1665இல் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தெரிந்தது. செல் என்று எழுதிவிட்டார். ஒரு கன அங்குலத்தில் 120 கோடிக்கு மேல் இருக்கும் என்று கணக்கும் போட்டார். உண்மையில் அவர் பார்த்தது செத்துப்போன செல்களின் சுவர்களை மட்டும்தான், குடியிருந்தவர் காலி செய்துவிட்ட வீடு.

சரி, செல்போனில் அறை எங்கே?

முதலில் ஊருக்கு ஒரே உயரமான டவர். ஒருவர் பேசும் அலைவரிசையில் ஊர் முழுக்க இன்னொருவர் பேச முடியாது. இருபது அலைவரிசை இருந்தால் இருபது பேச்சு, அவ்வளவுதான். பெரிய மண்டபத்தில் ஒருவர் மைக் பிடித்தால் மற்றவர்கள் வாயை மூட வேண்டியதுபோல.

1947இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் எழுதிய குறிப்பில் இருந்த யோசனை இது: மண்டபத்தை அறைகளாகத் தடுத்துவிடுவோம், எல்லோரும் மெதுவாகப் பேசட்டும். ஊரை அறுகோணத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சிறிய டவர். அடுத்தடுத்த அறைகளுக்கு வேறு வேறு அலைவரிசை. இரண்டு மூன்று அறை தள்ளிப் போனால் பழைய அலைவரிசையையே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அங்கே இந்தக் குரல் கேட்காது. சுவர் கட்டத் தேவையில்லை, தூரமே சுவர். ஆள் கூடினால் அறையை இன்னும் சின்னதாக்கு. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஓடும் வண்டியில் பேசிக்கொண்டே அறை மாறினால்? பழைய டவரின் சிக்னல் தேயத் தேய, அடுத்த டவர் கண் இமைப்பதற்குள் பேச்சை வாங்கிக்கொள்ளும். இதற்கு வேண்டிய மின்னணுக் கருவிகள் 1947இல் இல்லை. முதல் வணிகச் சேவை டோக்கியோவில் வந்தது 1979இல். 'உடனே என்ன பலன்' என்று கேட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் தருவோம் என்பவர்கள் நடுவில் போன அந்த 32 வருடங்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

டவர் பக்கத்தில் இருந்தால் போன் அதிகக் கதிர் வீசும் என்று பலர் பயப்படுகிறார்கள். நடப்பது நேர்மாறு. பக்கத்தில் இருந்தால் போன் கிசுகிசுத்தாலே டவருக்குக் கேட்டுவிடும். அறையின் ஓரத்தில், ஒற்றைக் கோடு சிக்னலில் நிற்கும்போதுதான் அது கத்த வேண்டியிருக்கிறது. அப்போது வேகமாகத் தீர்வதுதான் வாசகர் கேட்ட அந்த செல்.