சக்கரம் இருக்கிறது, வண்டி எங்கே?

ஜெர்மனியின் நடுப்பகுதியில் அய்க்ஸ்ஃபெல்ட் என்றொரு வட்டாரம். அங்கே சில ஊர்களின் கேடயச் சின்னத்தில், சிவப்புப் பரப்பின் மேல் ஆறு ஆரக்கால் வைத்த வெள்ளைச் சக்கரம் இருக்கும். வண்டி செய்யும் தச்சர்கள் வாழ்ந்த ஊராக்கும் என்று தோன்றும். கிடையாது. அது வெகு தொலைவிலுள்ள மைன்ஸ் நகரப் பேராயரின் அடையாளம். பூசையோடு நின்றவரல்லர் அவர். வரி வாங்கி நாடாண்டவர். காட்டோர எல்லைக்கற்களில்கூட இந்தச் சக்கரத்தைச் செதுக்கி வைத்தார்கள். ‘இது எங்கள் நிலம்’ என்று பொருள்.

வண்ணத்தையும் சேர்த்துத்தான் சின்னத்தைப் படிக்க வேண்டும். ஓஸ்னாப்ரூக் நகரத்துக்கும் ஆறு ஆரக்கால் சக்கரம்தான். ஆனால் வெள்ளையில் கறுப்பு. ஆள் வேறு! மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்னும் உலோகக் கணக்கு. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு எல்லாம் நிறக் கணக்கு. உலோகத்தின் மேல் உலோகமோ, நிறத்தின் மேல் நிறமோ வைப்பதில்லை. போர்க்களத்தில் தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காண, வெளிர்மேல் அடர்வோ அடர்மேல் வெளிரோதான் உதவும். வண்ணமே இல்லாத அச்சில் என்ன செய்வது? அதற்கும் 17ஆம் நூற்றாண்டில் வழி கண்டார்கள்: செங்குத்துக் கோடுகள் என்றால் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், புள்ளிகள் பொன்.

பேராயருக்குச் சக்கரம் எப்படி வந்தது? 975 முதல் 1011 வரை அந்தப் பதவியில் இருந்த வில்லிகிஸ், சக்கரம் செய்பவரின் மகனாம். எதிரிகள் கேலியாக அவர் வீட்டுச் சுவரில் சக்கரம் வரைய, அவர் அதையே தன் சின்னமாக்கிக்கொண்டாராம். அருமையான கதை. ஆனால் கேடயச் சின்னம் வைக்கும் வழக்கமே 12ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது. சக்கரத்தைப் பார்த்துப் பிற்பாடு கட்டிய கதை என்றே எனக்குப் படுகிறது.

1803இல் பேராயரின் அரசு கலைந்தது. சக்கரம் மட்டும் ஊர்களோடு தங்கிவிட்டது. இத்தனைக்கும், கிராமங்களில் பெரும்பாலானவை முறைப்படி சின்னம் வாங்கியதே 20ஆம் நூற்றாண்டில்தான். பழைய முத்திரைகளையும் ஆண்டவர்களின் அடையாளங்களையும் தேடியெடுத்துக் கேடயத்தில் பொருத்தினார்கள்.

மியூனிக் அருகே அன்று கிராமமாக இருந்த கார்ஷிங், பழமையோடு நிற்கவில்லை. அங்கே 1957இல் இயங்கத் தொடங்கிய ஆய்வு அணு உலையின் கூரை, முட்டை வடிவம். ஊரார் வைத்த பெயர் ‘அணு முட்டை’. 1967இல் அந்த முட்டையும் ஊர்ச் சின்னத்தில் ஏறியது. 2000இல் உலையை நிறுத்திவிட்டார்கள். முட்டை இன்னும் கேடயத்தில்தான் இருக்கிறது.