அஞ்சைனாவுக்குத் தமிழ் நெஞ்சுவலியா?

திருகோணமலையில் தாதியப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் கொப்பியைப் பார்த்தால், 'அஞ்சைனா பெக்டோரிஸ்' என்ற இதயநோய்ப் பெயருக்கு நேரே 'நெஞ்சுவலி' என்று இருக்கும். பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடைக்கலாம். வாட்டில் அந்தச் சொல் காலை வாரிவிடும்.

மூதூரிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ வந்திருக்கும் ஐயாவிடம் "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டால், "இல்லை பிள்ளை" என்றே சொல்லக்கூடும். நம் பக்கத்தில் வலியை நோ என்போம். அவருக்கு நோவும் இல்லை. "நெஞ்சை இறுக்குது", "அடைக்குது", "பாரமாக் கிடக்கு" என்பார். அஞ்சைனா பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

லத்தீனில் 'ஆங்கெரே' என்றால் நெரித்தல், இறுக்குதல். அதன் வழி வந்த அஞ்சைனா முதலில் இதயத்தோடு சம்பந்தப்பட்ட சொல்லே அல்ல. தொண்டை வீங்கி மூச்சை நெரிக்கும் நோயைத்தான் அப்படி அழைத்தார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768இல் வாசித்து 1772இல் அச்சில் வந்த கட்டுரையில்தான் அது மார்புக்கு இறங்கியது. நடக்கும்போது, அதுவும் மேடு ஏறும்போது, சாப்பிட்ட கையோடு என்றால் இன்னும் கூடுதலாக வரும். நின்றால் போய்விடும் என்று அவர் எழுதினார். நோய் இருக்கும் இடத்தையும் அந்த நெரிப்பு உணர்வையும் காரணம் காட்டி, 'மார்பினுடைய' என்று பொருள்படும் பெக்டோரிஸையும் சேர்த்துப் பெயர் வைத்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் பாதியில் நின்றுவிடுகிறவரைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும்.

ஆகவே 'மார்பு நெரிப்பு' என்பதுதான் சரியான தமிழ். கழுத்தை நெரித்தல் என்ற வழக்கு நம்மிடம் இருப்பதால் விளக்கமும் தேவையில்லை. நெஞ்சுவலி என்பதோ வாயு, தசைப்பிடிப்பு, நெஞ்செரிவு எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டும் சொல்.

மாரடைப்பு வேறு. இதயத் தசைக்குக் குருதி கொண்டுபோகும் குழாயான முடியுரு நாடி ஒடுங்கி, உழைக்கும் அந்தத் தசைக்கு ஒட்சிசன் போதாமல் போவது நெரிப்பு. ஓய்வெடுத்தால் தணியும், தசை சாகாது. நாடி அடைபட்டுத் தசை செத்துப்போவது மாரடைப்பு. அதன் மருத்துவப் பெயரிலுள்ள 'இன்ஃபார்க்ஷன்' என்ற சொல்லுக்கும் லத்தீனில் திணித்து அடைத்தல் என்றே பொருள். (தமிழகப் புத்தகம் கையில் கிடைத்தால் நாடி 'தமனி' என்றும் நாளம் 'சிரை' என்றும் இருக்கும். குழம்ப வேண்டாம்.)

சரி, மருந்துக்கு வருவோம். நாக்குக்குக் கீழே வைக்கும் ஜி.ரி.என் குளிசை, அதாவது கிளிசரில் ட்ரைநைட்ரேற், டைனமைற்றுக்குள் இருக்கும் அதே நைட்ரோகிளிசரின்தான். டைனமைற்றைக் கண்டுபிடித்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதயநோய்க்கு வைத்தியர்கள் இதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். 'நெஞ்சுவலிக் குளிசை' என்று பெயர் விழுந்துவிட்டதால் பனடோல் மாதிரி இதுவும் ஒரு நோக்குளிசை என்று வீட்டார் நினைக்கிறார்கள். அல்ல. இது முக்கியமாக நாளங்களை, அதாவது குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களை, விரிக்கிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது, இதயத்தின் வேலையும் குறைகிறது, நெரிப்பு விடுகிறது. நாளம் விரிவதால் பிறசர் இறங்கித் தலை சுற்றும். ஆகவே நோயாளியை இருத்தி, பிறசர் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தலையிடியும் வரலாம். குளிசையை விழுங்கினால் மருந்தின் பெரும்பகுதியை ஈரல் சிதைத்துவிடும், அதனால்தான் நாக்குக்குக் கீழே வைப்பது.

வயாகரா வகைக் குளிசை எடுத்தவருக்கு ஜி.ரி.என் கொடுத்தால் பிறசர் ஆபத்தாக விழும். அப்பா வயதுக்காரரிடம் இதைக் கேட்கப் பிள்ளைகளுக்குக் கூச்சம்தான், கேட்டே ஆகவேண்டும்.

இந்தக் குளிசையின் மருந்து ஆவியாகும் தன்மையுள்ளது. நம் ஊர் வெக்கையில் கடதாசியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தால் வீரியம் போய்விடும். வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இறுக மூடி வைக்கச் சொல்லுங்கள். திறந்த திகதியை லேபிளில் எழுதிக் கொடுங்கள், 8 கிழமை கழிந்தால் புதிது வாங்க வேண்டும். வீட்டுக்குப் போகும்போது இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள்: ஒன்று வைத்து 5 நிமிடத்தில் இறுக்கம் விடாவிட்டால் இரண்டாவது, அதற்கும் விடாவிட்டால் மாரடைப்பு என்றே எண்ணி 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.