பற்று நோட்டைப் புரட்டினால் ஊரின் பலம் தெரியும்

தொழில்கடன் கேட்டு வருகிறவர்களின் கணக்கைப் பார்த்து, கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று வங்கிக்கு அறிக்கை எழுதித் தருவது என் வேலை. பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், சிறுநகரம் ஒன்றில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒருவர் கடையைப் பெரிதாக்கக் கடன் கேட்டிருந்தார். கணக்கு சுத்தமாக இருந்தது. மூன்று வருடமாக விற்பனை ஏறுமுகம். பழைய கடனில் ஒரு தவணைகூடத் தவறவில்லை. சரி, எழுதிக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தவன், மேஜையில் கிடந்த பற்று நோட்டைச் சும்மா புரட்டினேன்.

கடனுக்குச் சரக்கு வாங்கியவர்களின் பெயருக்குப் பக்கத்தில், ஆளை அடையாளம் வைத்துக்கொள்ள அவர் பென்சிலால் குறிப்பு எழுதியிருந்தார். ‘மில், இரண்டாம் ஷிஃப்ட்.’ ‘மில் டிரைவர்.’ ‘மில் கேன்டீன்.’ ‘மில் வாட்ச்மேன் மருமகன்.’ பக்கம் பக்கமாக இப்படியே போனது. பாக்கி வரவு வைத்த தேதிகளும் ஒன்றுபோலவே இருந்தன: 7, 8, 9. "எல்லாரும் எப்படி ஒரே சமயத்தில் கட்டுகிறார்கள்?" என்று கேட்டேன். "7-ஆம் தேதிதானே சார் மில்லில் சம்பளம்" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

முந்நூறு வாடிக்கையாளர்கள் இருப்பதாக மனுவில் எழுதியிருந்தார். நோட்டின்படி பார்த்தால் அவருக்கு இருந்தது ஒரே வாடிக்கையாளர், அந்த மில். பக்கத்துச் செருப்புக் கடைக்கும், எதிரே இருந்த மருந்துக் கடைக்கும் அதே ஒரு வாடிக்கையாளர்தான்.

ஓர் ஊர் பொருளாதாரத்தில் வலுவானதா என்று யாராவது கேட்டால், அங்கே எவ்வளவு பணம் புழங்குகிறது என்று இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பதில்லை. அந்தப் பணம் எத்தனை வாய்க்கால் வழியாக வருகிறது, ஒரு வாய்க்கால் அடைத்தால் என்ன ஆகும் என்றுதான் பார்க்கிறேன். பெருநகரத்தையும் சிறுநகரத்தையும் ஒப்பிடுகிற பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான். வேலைக்கு எங்கே போவது, வீடு எங்கே வாங்குவது, கடை எங்கே போடுவது என்று முடிவெடுக்கிறவர்கள் தலா வருமானத்தையும் வாடகையையும் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள்.

தலா வருமானக் கணக்கிலேயே ஒரு கோளாறு உண்டு. ஓர் எல்லைக்குள் உற்பத்தியான மதிப்பை எடுத்து, அந்த எல்லைக்குள் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து வருகிற எண் அது. லண்டனின் நடுவே ‘சிட்டி ஆஃப் லண்டன்’ என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் குவிந்த இடம். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருந்தவர்கள் 10,000 பேர்கூட இல்லை. தினமும் வேலைக்கு வந்து போகிறவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு குடிமகனும் குபேரன்! உழைத்தவர் சம்பளத்தை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார் என்பது அந்த எண்ணில் தெரியாது.

‘நகரம்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். டென்மார்க்கில் 200 பேர் நெருங்கி வாழ்ந்தாலே நகர்ப்புறக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஜப்பானில் நகரம் என்று பெயர் வாங்க 50,000 பேர் வேண்டும். 2020-இல்தான் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் நாடுகளை ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவுகோலை ஏற்றுக்கொண்டது. சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேர் நெருக்கத்தில் குறைந்தது 50,000 பேர் இருந்தால் அது நகரம். அதற்கு அடுத்த படியில், 300 பேர் நெருக்கத்தில் 5,000 பேராவது இருக்கும் இடங்கள் வருகின்றன. ஆகவே உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கும் மேல் நகரங்களில் நடக்கிறது என்று உலக வங்கி சொல்வதைப் படிக்கும்போது, அதில் எத்தனையோ சிறுநகரங்களும் அடக்கம் என்பதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் கழித்த பிறகும் பெருநகரத்தில் சம்பளம் கூடுதல்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே இதற்கு மூன்று காரணம் சொல்லிவிட்டார்: ஒரே தொழில் தெரிந்த ஆட்கள் ஓரிடத்தில் கிடைப்பார்கள், அந்தத் தொழிலுக்கு வேண்டிய சாமான் கொடுப்பவர்கள் பக்கத்திலேயே கடை விரிப்பார்கள், தொழில் நுணுக்கம் காற்றில் கலந்ததுபோல ஆளுக்கு ஆள் பரவும். 2007-இல் லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலிய ஆய்வாளர்கள் பல நகரங்களின் கணக்கை அலசி இதற்கு ஓர் எண்ணும் கொடுத்தார்கள். மக்கள் தொகை இரட்டிப்பானால் தலைக்குச் சம்பளமும் கண்டுபிடிப்புகளும் ஏறத்தாழ 15 சதவீதம் கூடுகின்றன; சாலை, மின்கம்பி போன்றவை தலைக்கு அதே அளவு குறைவாகவே தேவைப்படுகின்றன. (குற்றங்களும் அதே 15 சதவீதம் கூடுகின்றன. வீட்டு விளம்பரங்களில் அதைப் போடுவதில்லை.)

அந்தக் கூடுதல் சம்பளம் கையில் நிற்கிறதா என்பது வேறு விஷயம். ஒரே வாரத்தில் என் மேஜைக்கு இரண்டு குடும்பங்களின் கணக்கு வந்தது. ஒன்று பெருநகரத்தில் கணவன் மனைவி இருவரும் மாதச் சம்பளக்காரர்கள். இன்னொன்று சிறுநகரத்தில் சொந்தக் கட்டடத்தில் லேத் பட்டறை நடத்துகிறவர். முதல் குடும்பத்தின் வருமானம் பட்டறைக்காரருடையதைப்போல் இரண்டரை மடங்கு. வாடகை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு, போக்குவரத்து, வாகனத் தவணை எல்லாம் போக அவர்களுக்கு மிஞ்சியது வருமானத்தில் 11 சதவீதம். பட்டறைக்காரருக்கு 30 சதவீதம் மிஞ்சியது. கூட்டிக் கழித்துப் பாருங்கள், மாதக் கடைசியில் இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே தொகைதான் மிச்சம்!

இங்கேயே நிறுத்திவிட்டு, ‘பார்த்தீர்களா, சிறுநகரம்தான் புத்திசாலித்தனம்’ என்று முடிக்கிறவர்கள் நிறைய. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். மறு வருடம் அந்த இரண்டு குடும்பத்துக்கும் அடி விழுந்தது. பெருநகரத்துக் கணவருக்கு வேலை போனது. இரண்டு மாதத்தில், கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கு, அதே ரயில் தடத்தில் நாலு நிலையம் தள்ளி வேறு வேலை கிடைத்துவிட்டது. வீடு மாற்றவில்லை, பிள்ளையின் பள்ளியும் மாறவில்லை. பட்டறைக்காரருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த பெரிய நிறுவனம் ஆர்டரை நிறுத்தியது. மிச்சம் பிடித்ததையெல்லாம் அவர் நிலத்தில் போட்டிருந்தார். காகிதத்தில் நல்ல மதிப்பு. விற்கப் போனபோதுதான் தெரிந்தது, அந்த ஊரில் நிலம் வாங்கக் கூடியவர்களும் அதே நிறுவனத்தை நம்பியவர்கள். பதினான்கு மாதம் விலைபோகவில்லை.

சிறுநகரத்தில் சொத்து வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வருமானமும் சொத்தின் மதிப்பும் ஒரே ஆணியில் மாட்டியிருந்தால், ஆணி பிடுங்கும்போது இரண்டும் சேர்ந்தே விழும். வங்கிக்கும் இதே பயம் உண்டு. சொத்தை அடமானமாக எடுத்துக்கொள்வதற்கு முன் அதன் விலையைக் கேட்கிறோம். அவசரத்துக்கு விற்றால் வாங்க எத்தனை பேர் வருவார்கள் என்பதையும் கேட்கிறோம். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் பல மனுக்களைத் தடுத்து நிறுத்துகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வியாபாரம் மந்தமானால் பெருநகரத்து வாடகைக் கடை மூன்றாவது மாதமே மூச்சுத் திணறும். சிறுநகரத்தில் சொந்தக் கட்டடத்தில் இருப்பவர் ஒரு வருடம்கூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும். நான் பார்த்த கணக்குகளில், மெதுவாக வருகிற மந்தத்தைத் தாங்கியவர்கள் அதிகமும் சிறுநகரத்துக்காரர்கள். திடீரென்று விழும் அடியிலிருந்து சீக்கிரம் எழுந்தவர்கள் பெருநகரத்துக்காரர்கள்.

ஊர் சின்னதாக இருப்பதே பலவீனம் என்றும் சொல்லிவிட முடியாது. இத்தாலியில் சசுவோலோ என்ற ஊரில் சுமார் 40,000 பேர்தான். அதுவும் சுற்றியிருக்கும் சிற்றூர்களும் சேர்ந்துதான் அந்த நாட்டின் பீங்கான் டைல்ஸில் பெரும்பகுதியைச் செய்கின்றன. ஒரே தொழில்தான், ஆனால் முதலாளி ஒருவர் இல்லை. டைல்ஸ் செய்பவர், அதற்கு இயந்திரம் செய்பவர், மெருகுப் பூச்சு கொடுப்பவர், வடிவம் வரைபவர் என்று தனித்தனி நிறுவனங்கள். ஒன்று மூடினாலும் அங்கே வேலை பார்த்தவர் அடுத்த தெருவுக்குப் போகலாம். மார்ஷல் சொன்ன மூன்றும் ஒரு சின்ன ஊருக்குள்ளேயே நடக்கின்றன.

இதோடு வோல்ஃப்ஸ்பர்க்கை வைத்துப் பாருங்கள். 1938-இல் கார் தொழிற்சாலைக்காகவே ஜெர்மனியில் உருவாக்கிய ஊர் அது. ஃபோக்ஸ்வாகனின் தலைமையிடம். மக்கள் தொகை ஒண்ணேகால் லட்சத்தை ஒட்டி இருக்கும்; அந்த ஒரு நிறுவனத்தில் மட்டும் வேலை செய்கிறவர்கள் 60,000-க்கும் மேல். தலா உற்பத்தியில் ஜெர்மனியின் முதல் வரிசையில் நிற்கும் ஊர். 2015 செப்டம்பரில் டீசல் கார்களின் புகை அளவில் நடந்த தில்லுமுல்லு வெளியானது. ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் நிறுவனத்தின் லாபம் விழுந்தால் தங்களுக்கு வரும் தொழில்வரியும் விழும் என்று பயந்த நகர நிர்வாகம், அந்த மாதமே செலவுகளுக்கும் புதிய வேலை நியமனங்களுக்கும் தடை போட்டது. பணக்கார ஊர்தான், 7-ஆம் தேதியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த பணக்கார ஊர்.

பெருநகரம் என்றால் தப்பித்துவிடும் என்பதும் இல்லை. டெட்ராய்டில் 1950-இல் 18 லட்சம் பேருக்கும் மேல் இருந்தார்கள். அத்தனை பெரிய ஊரும் கார் தொழிலில் தொங்கிக்கொண்டிருந்தது. 2010-இல் 7 லட்சத்துச் சொச்சம் பேர் மிஞ்சினார்கள். 2013 ஜூலையில் நகராட்சி திவால் மனு போட்டது.

பெஞ்சமின் சினிட்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் நியூயார்க்கையும் பிட்ஸ்பர்க்கையும் ஒப்பிட்டு எழுதியதை, என் துறைக்கு வருகிற இளைஞர்களிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. நியூயார்க்கில் தையல் தொழில். நூற்றுக்கணக்கான சின்ன முதலாளிகள். பிட்ஸ்பர்க்கில் எஃகு; ஒருசில ராட்சத நிறுவனங்கள். ராட்சதர்களோடு பழகிய ஊரில் வங்கிக்காரருக்குச் சின்ன ஆளின் கணக்கைப் படிக்கத் தெரியாது, சரக்கு கொடுப்பவருக்குச் சின்ன ஆர்டர் எடுக்க மனம் வராது, சம்பளக்கார அப்பாவின் பிள்ளைக்குச் சொந்தத் தொழில் என்ற எண்ணமே வராது என்றார் அவர். 1975-இல் நியூயார்க்கும் திவாலின் விளிம்புவரை போய்த்தான் திரும்பியது. தொழிற்சாலைகள் போன இடத்தில் வேறு தொழில்கள் முளைக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

சரி, சாதாரண ஆள் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாள் செலவழித்தால் போதும். கடைத்தெருவில் பத்துப் பேரிடம், உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரே பெயர் ஆறு தடவை வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், நீங்கள் செய்யும் வேலைக்கு அந்த ஊரில் ஆள் எடுக்கக் கூடியவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கையிலேயே அடங்கிவிட்டால், குறைந்த வாடகையில் மிஞ்சுவதை ஊருக்கு வெளியே, வேண்டும்போது காசாக்கக் கூடிய எதிலாவது போட்டுவையுங்கள். விற்பனைக்கு என்று பலகை தொங்கும் வீடுகளைப் பார்த்தால் எத்தனை மாதமாகத் தொங்குகிறது என்று விசாரியுங்கள். முடிந்தால் உள்ளூர் வங்கி மேலாளரிடம் கடன்-வைப்பு விகிதம் எவ்வளவு என்றும் கேட்டுப் பாருங்கள். ஊரார் போட்ட பணத்தில் எவ்வளவு ஊருக்குள் கடனாகத் திரும்புகிறது என்பதுதான் அது. குறைவாக இருந்தால், அந்த ஊரின் சேமிப்பு வேறெங்கோ தொழில் நடத்திக்கொண்டிருக்கிறது.

அந்த ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டதில் பாதித் தொகைக்குத்தான் அன்று பரிந்துரை எழுதினேன். மீதிக்கு, மில்லைச் சாராத விற்பனையைக் காட்டும்படி நிபந்தனை. மனிதருக்குக் கோபம். டீ சொல்லியிருந்தவர், நான் குடித்து முடிக்கும்வரைகூட உட்காரவில்லை.

இரண்டு வருடம் கழித்து மீதிக் கடனுக்காக மறுபடி போனேன். நோட்டு அதே மேஜையில் இருந்தது. ‘மில்’ இன்னும் இருந்தது. நடுநடுவே ‘போர்வெல் வண்டி’, ‘கோழிப்பண்ணை’, ‘பள்ளிக்கூடக் கட்டடம்’, ‘பைபாஸ் லாரி பட்டறை’ என்று புதுக் குறிப்புகள். பள்ளிக்கூடம் பில் பாஸானால்தான் கொடுக்கும், பண்ணைக்காரர் வண்டி ஏற்றினால்தான் கொடுப்பார். வரவுத் தேதிகள் 3, 12, 19, 26 என்று சிதறிக் கிடந்தன. "முன்னெல்லாம் மூன்று நாளில் வசூல் முடிந்துவிடும் சார். இப்போது மாதம் பூரா அலைய வேண்டியிருக்கிறது" என்று புலம்பினார். மீதித் தொகைக்கான பரிந்துரையை அவர் கடையில் உட்கார்ந்தே எழுதினேன்.