வாயுவாக்கிக் கசடை ஊதுலைக் கசடு என்று நினைக்காதீர்கள்

சிமென்ட்டில் பாதியைக் குறைத்து, நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையில் மிஞ்சும் கசடைப் போட்டுவிட்டு, "கசடுதானே சேர்த்தோம், கல் ஏன் இறுகவில்லை?" என்று மாதிரிகளோடு எங்கள் ஆய்வகத்துக்கு வருபவர்கள் குறையவே இல்லை. அண்மையில் வந்த கட்டுமானக் கல்லின் ஓரம் விரலால் தேய்த்தாலே உதிர்ந்தது. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

கசடு என்ற பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. இரும்பு உருக்கும் ஊதுலையில் சுண்ணாம்புக்கல் சேர்க்கிறார்கள். அதனால் அந்தக் கசடில் சுமார் 30 முதல் 45 சதவீதம் வரை கால்சியம் ஆக்சைடு இருக்கிறது. அதை நுண்ணியதாக அரைத்துச் சிமென்ட்டோடு கலந்தால் தானே இறுகும். நிலக்கரியை வாயுவாக்கும்போது மிஞ்சுவதோ நிலக்கரியில் இருந்த கனிமங்கள்: பெரும்பாலும் சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு. உருகுநிலையைக் குறைக்கச் சுண்ணாம்புக்கல் சேர்க்கும் ஆலைகளிலும் கால்சியம் பொதுவாக ஊதுலைக் கசடின் அளவை எட்டுவதில்லை. மாவாக அரைத்தால் சிமென்ட்டிலிருந்து வெளியாகும் சுண்ணாம்போடு மெதுவாக வினைபுரியும், அவ்வளவுதான். அரைக்காமல் கொட்டினால் அது வெறும் மணல். மணலைப் போட்டுவிட்டுச் சிமென்ட்டின் வேலையை எதிர்பார்த்தால் கல் உதிரத்தான் செய்யும்.

மணலாக அது நல்ல பொருள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1,300 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகி, தண்ணீரில் விழுந்து சட்டென்று குளிர்வதால் கண்ணாடிபோலக் கறுத்து மின்னும் துகள்களாகிறது. கன உலோகங்கள் பெரும்பாலும் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே அடைபட்டுவிடும். ஜப்பான் 2020-இல் இதைக் கான்கிரீட்டுக்கான துகளாக ஏற்றுத் தனித் தர நிர்ணயமே வெளியிட்டது. சாலைத் தளத்துக்கும், உலோகப் பரப்பின் துருவைத் தேய்த்து நீக்கவும் இது உதவும்.

கெடுப்பது அதோடு சேர்ந்து வரும் நுண்கசடு. பெருந்துகள் விரலில் ஒட்டாது. நுண்கசடு கரியாக அப்பிக்கொள்ளும். அதில் எரியாத கார்பன் மிகுதி. அந்தக் கார்பன் கான்கிரீட்டில் காற்றுக்குமிழிகளை உண்டாக்கச் சேர்க்கும் வேதிக்கலவையை உறிஞ்சிவிடும், தண்ணீரையும் கூடுதலாகக் கேட்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1996-இல் தொடங்கிய, நிலக்கரியை வாயுவாக்கி மின்சாரம் எடுத்த போல்க் மின்நிலையத்திலும் எரியாத கார்பன் எதிர்பார்த்ததைவிட மிகுந்து, கசடை விற்பது சிக்கலானது. நுண்ணியதைப் பிரித்து மீண்டும் வாயுவாக்கிக்கே அனுப்பும் வழியை அவர்கள் ஏற்படுத்தினார்கள். ஆலைகளே, இரண்டையும் ஒரே குவியலாகக் கொட்டாதீர்கள்!

வாங்குபவர்கள் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஒவ்வொரு சரக்கிலும் மாதிரி எடுத்து எரிப்பிழப்புச் சோதனை (எரித்தால் எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பது) செய்யுங்கள்; எரியாத கார்பன் எவ்வளவு என்று அது காட்டும். நிலக்கரி மின்நிலையப் புகையிலிருந்து பிடிக்கும் எரிசாம்பலுக்கான அமெரிக்கத் தரத்தில்கூட இந்த இழப்புக்குப் பொதுவாக 6 சதவீதம்தான் உச்சவரம்பு. நீரில் உலோகம் கசிகிறதா என்ற சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். நிலக்கரி மாறினால் கசடும் மாறும், போன ஆண்டு அறிக்கை செல்லாது. சிமென்ட்டுக்கு மாற்றாகத்தான் வேண்டும் என்றால் அரைத்து, 28 நாள் வலிமை பார்த்த பிறகு அளவை முடிவு செய்யுங்கள்.

அரைக்கும் இடத்தில் நிற்கும் தொழிலாளிக்குத் தூசி வடிகட்டும் முகக்கவசம் கொடுங்கள். துணியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள், தயவுசெய்து.